முப்பத்தைந்து அடி அக்கா

அவர் ஊற்றிக் கொடுத்த எந்த டம்ளரும் நிறைந்து பல வருஷம் நான் பார்த்ததில்லை. டீயோ தண்ணீரோ மோரோ, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் கை தானாக நிமிர்ந்துவிடும். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்து ஆளுக்கொரு பேர் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது ஒன்றுதான்: முப்பத்தஞ்சு அடி. "முப்பத்தஞ்சு வராங்க, பேச்சை நிறுத்து" என்பார்கள். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் கதவைத் திறந்துகொண்டே, "வந்துட்டேன்பா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகும் பேர் மாறவில்லை.

பேர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வேலையைச் சொல்லியாக வேண்டும். சிறுசேரியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எங்கள் ஆபீஸ். ஜன்னலில் நின்றால் கேப்களும் கம்பெனி பஸ்களும்தான் தெரியும். விமானம் என்று ஒன்று கண்ணில் படாது. ஆனால் எங்கோ ஓர் ஊரில் ஒரு விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்போது எவ்வளவு எடையோடு எழலாம் என்பதை நாங்கள்தான் கணக்குப் போட்டுக் கொடுப்போம். அந்தக் கணக்கில் எந்த விமானமும் ஒழுங்காகப் பறப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, இனிமேல் நிறுத்த முடியாது என்கிற வேகம் வந்துவிட்டது, அந்த நேரம் பார்த்து இரண்டு என்ஜினில் ஒன்று நின்றுபோகிறது. மிச்சமிருக்கும் ஒற்றை என்ஜினோடு அது எழுந்து, எதிரே நிற்கிற மரம், டவர், குன்று எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். எவ்வளவு ஏறும் என்று கண்டுபிடித்த பிறகு, அதிலும் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிடுவோம். அப்படி வெட்டித் தாழ்த்திய பாதைக்கும் மரத்தின் உச்சிக்கும் நடுவே முப்பத்தைந்து அடி இருக்க வேண்டும். இல்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும். எடை என்றால் சரக்கு, பெட்டிகள், சில நாள் மனிதர்கள்.

காற்றிலும் இப்படித்தான். எதிர்க்காற்று விமானத்துக்கு நல்லது. ஆனால் எதிர்க்காற்று எவ்வளவு வீசினாலும் அதில் பாதியைத்தான் நம்புவோம். பின்காற்று கெடுதல், அதை ஒன்றரை மடங்காக எடுத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு இது ஆபீஸோடு முடிந்துபோகிற விதி. அவருக்கு அப்படி இல்லை. எங்கள் பிரிவில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தபோது அவரிடம் யோசனை கேட்டாள். "மாப்ள வூட்டப் பத்தி நல்லதா சொன்னதுல பாதிய எடுத்துக்கோ. கெட்டதா சொன்னத ஒண்ணரையா எடுத்துக்கோ. அப்பவும் புடிச்சிருந்தா கட்டிக்கோ" என்றார். அவள் கட்டிக்கொண்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

நான் பிறந்தது செங்கல்பட்டில். அப்போது குடியிருந்தது மாமல்லபுரத்தில். கம்பெனி பஸ் கல்பாக்கத்திலிருந்து வரும். அவர் சதுரங்கப்பட்டினத்தில் ஏறி, அவசர வழி என்று எழுதியிருக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். பையில் குடை இரண்டு, சார்ஜர் இரண்டு, தலைவலி மாத்திரை இரண்டு அட்டை. "ஒண்ணு பூடுச்சின்னு வெச்சுக்கோ" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் மழை பிடித்த நாட்களில் அந்த இரண்டாவது குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான்தான். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். நானும் அவரும் ஒரே வருஷத்தில் சேர்ந்தவர்கள். ஆபீஸில் எல்லோருக்கும் மேடம், எனக்கு மட்டும் அக்கா.

அவர் சண்டை போட்டு நான் பார்த்ததெல்லாம் போனில்தான். ஒரு கடற்கரை ஊர் விமான நிலையத்தில், ஓடுபாதை முடியும் பக்கம் ஒரு மரவரிசை. விமான கம்பெனிக்காரர் அந்த மரங்களுக்கு அக்கா போட்டிருந்த உயரம் அதிகம் என்று சண்டைக்கு வந்தார்.

"மேடம், சர்வே ரிப்போர்ட்ல இருக்கற ஹைட்டைத்தானே போடணும்?"

"ரிப்போர்ட்டு எப்ப எடுத்தது சார்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"அது இன்னா மரம்?"

"அது தெரியல. மரம்னுதான் போட்டிருக்கு."

"நான் போட்டோ பாத்தேன். சவுக்கு. எங்க வூட்டாண்டயே சவுக்குத் தோப்பு கீது சார். ரிப்போர்ட்டு அப்டியே குந்திகினு இருக்கும். சவுக்கு குந்திகினு இருக்குமா?"

மறுபடியும் அளக்க ஏற்பாடு ஆயிற்று. அளந்து பார்த்தால், அவர் எதிர்பார்த்த அளவுக்கு மரங்கள் வளரவில்லை. "தப்பாப் போச்சேக்கா" என்று சீண்டினேன். "நல்லதுதானப்பா" என்றார். அளவு மெயிலில் வந்த உடனே, தான் கூட்டிப் போட்டதை எடுத்துவிட்டார். ஓர் அடி கூடத் தன் கைவசம் வைத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் அவரிடம் நான் மதித்தேன். பயந்தவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள். அவர் அப்படி இல்லை. வைக்கச் சொன்ன இடைவெளியை வைப்பார், அதைத் தொடமாட்டார், தொடவும் விடமாட்டார்.

ஆனாலும் எனக்கு அவரோடு ஒரு வழக்கு இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டேவிட்டேன்.

"ரெண்டு என்ஜினும் ஓடும்போது அந்த மரத்துக்கு மேல எவ்ளோ ஒசரத்துல போகுதுன்னு உங்களுக்கே தெரியும். இத்தன வருஷத்துல நம்ம கணக்கு ஒரு தடவையாச்சும் நெஜமா தேவைப்பட்டிருக்கா? ஆளுங்கள எறக்கி எறக்கி வுட்டதுதானே மிச்சம்?"

"ஓடும்போது நம்ம கணக்கே வாணாமேப்பா. நிக்கறதுக்குத்தான் சம்பளம் தராங்க."

"நிக்கவே இல்லியே."

"நல்லதுதான" என்று தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

தீயணைப்புக்காரனுக்குத் தீ இருக்கிறது. டாக்டருக்கு, பிழைத்து எழுந்து போகிற நோயாளி இருக்கிறான். எங்களுக்கு ஒன்றுமே கிடையாது. நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? எங்கோ ஒரு கவுண்டரில் ஏற முடியாமல் நிற்கிறவர் விடுகிற சாபம் மட்டும்தான் எங்கள் கணக்கில் வரவு. இது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அவரை அரித்ததா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் வாங்க சதுரங்கப்பட்டினம் போவேன். போனால் அவர் வீட்டில் ஒரு டீ. டச்சுக்காரன் கோட்டைச் சுவருக்குப் பின்னால், கடலைப் பார்த்த வீடு. அவரும் அம்மாவும்தான். அம்மா மீன் விற்றுக்கொண்டிருந்தார். குரல் எடுத்தால் கல்பாக்கம் வரை கேட்கும். மகள் என்ன வேலை செய்கிறார் என்று அந்த வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "எம் பொண்ணு பிளேன் கம்பெனில கம்ப்யூட்டரு" என்பார் அம்மா. அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அக்காவும் முயன்றதில்லை. அம்மாவின் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மகனிடம் போய்த்தான் நிற்கும். அக்காவுக்குத் தம்பி. வடக்கே ஒரு மலை ஊரில் ஹோட்டலில் சமையல்காரன். வருஷத்துக்கு ஒருமுறை வருவான்.

அப்படி ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது நானும் போயிருந்தேன். தட்டில் குழம்பு வழிய வழிய மீனை எடுத்து வைத்தவன் அவன். அக்கா டீ கொண்டுவந்ததும் டம்ளரைத் தூக்கி எனக்குக் காட்டினான்.

"பாத்தியா சார்? எங்க அக்கா குடுக்கற டீல பாதி காத்து."

"கைல ஊத்திக்காம குடிக்கலாம்ல?" என்றார் அக்கா.

"இது சின்ன வயசுலேர்ந்தே இப்டித்தான் சார். ஒரு வாட்டி கவல மீனு அப்டியே கொட்டுச்சு. படகு ரொம்ப ரொப்பிகினு வரேன். இது கரைல நின்னுகினு, தூக்கிக் கடல்ல போடுடா, போடுடான்னு கத்துது. ஊரே சிரிச்சிச்சு. யக்கா, படகு கரைக்கு வந்துச்சா இல்லியா, சொல்லு."

"வந்துச்சு."

"அப்பறம் இன்னா?"

"வந்துச்சுன்னு மறுநாளும் ரொப்புன. அதான்."

அம்மா மகன் பக்கம். "வுடுடீ, புள்ள ஒரு நாளு ரொப்பனா இன்னா?" என்று அவன் தலையைத் தடவினார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். மீன் குறைந்துபோன பிறகுதான் அவன் கடலை விட்டு மலைக்குப் போனான். படகு கவிழ்ந்தெல்லாம் போகவில்லை. ரொப்பிக்கொண்டு வந்த எந்த நாளிலும் அந்தப் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவன் வேலை பார்த்த மலை ஊரிலும் ஒரு விமான நிலையம் உண்டு. சுற்றிலும் மலை, குட்டை ஓடுபாதை. அந்த ஊர்க் கணக்கு அக்காவின் பொறுப்பு. வெயில் ஏறினால் காற்று லேசாகும், விமானம் தூக்குகிற எடை இறங்கும். அதனால் அங்கே எல்லாமே காலையில்தான். அந்த வருஷம் ஆடிக்குக் கொஞ்சம் முன்னால், ஓடுபாதைக்கு நேர் எதிரே ஒரு ஹோட்டல் கட்டுவதற்காகப் பெரிய கிரேனை நிறுத்தினார்கள். விமான நிலையத்திலிருந்து மெயிலில் அறிவிப்பு வந்தது. அக்கா அன்றே கிரேனைக் கணக்கில் ஏற்றினார். எடை இறங்கியது. விமான கம்பெனிக்காரர்கள் அடிக்கடி போன் செய்து, "இன்னிக்கு மடக்கி வச்சுட்டாங்க மேடம்" என்பார்கள். "போன்ல மடக்கறது ஈசி சார். மெயில் போடச் சொல்லுங்க" என்பார். வாய்ச்சொல்லை நம்பி அவரே கையெழுத்துப் போட்டு எடை நம்பரை மாற்றித் தர விதியில் ஒரு சின்ன சந்து இருந்தது. அந்தச் சந்துக்குள் அவர் ஒருநாளும் நுழைந்ததில்லை.

ஆடியில் அவர் அம்மா இறந்தார். சாயங்காலம் மீன் விற்று முடித்து, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா எனக்குத்தான் போன் செய்தார்.

"அம்மா பூட்டாங்கப்பா. தம்பிக்கு டிக்கெட்டு போடணும். எனக்குக் கை ஓடல."

அவர் கை ஓடாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை விமானத்தில் இடம் இருந்தது. அதில் ஏறினால், தில்லியில் மாறி, வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். சொன்னேன்.

"அந்த ஊரு பிளேனா?"

"ஆமாக்கா."

"வேற வழியா வர முடியாதா?"

தேடிப் பார்த்தேன். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கவே ஒரு பகல் போய்விடும். "இல்லக்கா."

"சரி. போடு."

நாளைக் கடத்த முடியாததற்குக் காரணம் இருந்தது. மறுநாள் மாலை ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊருக்குள் பிணம் கிடக்கக் கூடாது. அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஊரே திருவிழாவை நிறுத்த வேண்டும். அம்மாவே அதற்கு ஒப்பமாட்டார். ஒற்றை மகன் அவன்தான். குடம் உடைக்கவும், கடைசியாக முகம் பார்க்கவும் அவன் வந்தாக வேண்டும்.

மறுநாள் காலை டியூட்டியில் நான். மலை ஊரில் மேகம் இறங்கி, விமானம் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. விமான கம்பெனிக்காரர் போன் செய்தார். சரக்கை இறக்கியாயிற்று, பெட்டிகளை இறக்கியாயிற்று, அப்படியும் சில பேரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். "கிரேனை நேத்தே கழட்டி எடுத்துட்டாங்களாம். ஏர்போர்ட்ல போன்ல சொல்றாங்க. கிரேன் இல்லாத நம்பர் குடுங்க, எல்லாரும் ஏறிடலாம்" என்றார். நான் மெயில் கேட்டேன். அனுப்பச் சொல்லியிருக்கிறோம் என்றார்.

அதை வைத்த கையோடு இன்னொரு போன். டிக்கெட்டில் என் நம்பர்தானே இருந்தது. தம்பி.

"சார், வுட மாட்டன்றாங்க சார். வெயிட்டு ஜாஸ்தியாம். கடைசியா டிக்கெட்டு எடுத்தவங்க நில்லுன்றாங்க. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். ஏறனவங்கல்லாம் உள்ள பூட்டாங்க, யார்கிட்ட சார் கேப்பேன்? ஒரே ஒரு ஆளு சார். பையி கூட வாணாம், இங்கியே வுட்டுட்டு வரேன். எதுனா பண்ணு சார்."

இருப்பா என்று சொல்லிவிட்டு மேனேஜரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அது அவங்க ஃபைல். அவங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போட்டுக் குடு" என்றார். சாவு வீட்டுக்குப் போன் செய்தேன். மேளச் சத்தம், ஒப்பாரி. யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் அவர் வந்தார்.

"அக்கா, தம்பி கவுண்டர்ல நிக்கறான். எடம் இல்லன்றாங்க. கிரேனை நேத்தே எடுத்துட்டாங்களாம். நீங்க சரின்னா நான் இப்பவே நம்பர மாத்திடறேன்."

"மெயில் வந்துச்சா?"

"இல்லக்கா. போன்லதான் சொன்னாங்க."

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு கிழவி, மவன் எங்கடி, மவன் எங்கடி என்று பாட்டாக அழுதுகொண்டிருந்தாள்.

"அப்ப கிரேன் நிக்குது" என்றார்.

"அக்கா, தம்பிக்கா."

"தெரியுது. வெச்சுடறேன்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! கல்லு, கல்லு என்று வாய்விட்டே திட்டினேன். விமான நிலையத்துக்கே போன் செய்தேன். மெயில் அனுப்ப வேண்டிய அதிகாரி வெளியே போயிருக்கிறார், வந்ததும் அனுப்புவார் என்றார்கள். வெயில் இன்னும் ஏறினால் இருக்கிற நம்பரும் போய்விடும் என்று விமானம் கிளம்பிவிட்டது. தம்பியிடம் நாளைக்குத்தான் என்று சொன்னேன். அவன் திட்டவில்லை. "சரி சார்" என்று மட்டும் சொன்னான்.

ஷிஃப்ட் முடிந்து நான் எழுந்திருக்கும்போது மெயில் வந்தது. இரண்டே வரி. கிரேன் முந்தின நாளே கழற்றப்பட்டுவிட்டது, அறிவிப்பு ரத்து.

சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே நின்றது. ஒரு பக்கம் அம்மன் கோயிலுக்கு மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பாடை தயார். நாட்டார், அந்த மீனவர் ஊருக்குத் தலைவர், வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணும் மாமல்லபுரம் பக்கத்து ரோட்டில். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றி நெருக்கி நின்றவர்களிடம் அக்கா, "தள்ளி நில்லுங்க, அம்மாக்கு எடம் வுடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மெயில் வந்ததை நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வெளியே வந்து நாட்டாரிடம் போனார்.

"எடுத்துடுங்க."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாமாம்மா? காப்புக் கட்ட நேரம் கீது. புள்ள எங்க வந்துகினு கீறானோ."

"அவன் இன்னிக்கி வர மாட்டான். எடுங்க."

"போன் போட்டுக் கேட்டியா?"

"கேட்டுட்டேன். எடுங்க, நாட்டாரே."

குடத்தைச் சித்தப்பா மகன் தூக்கினான். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். அக்கா திரும்பாமல் அங்கேயே நின்றார். மேளச் சத்தம் மணலுக்குள் இறங்கித் தேய்ந்த பிறகும் நின்றார். தம்பி வராமல் போனது அவர் காலையில் சொன்ன ஒரு வார்த்தையால்தான் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். காலையில் கல்லு என்று திட்டிய எனக்கு, அவர் பக்கத்தில் போய் நிற்கக் கூடத் துணிச்சல் வரவில்லை. இரண்டடி தள்ளி நின்றேன்.

தம்பி மறுநாள் வந்தான். காப்புக் கட்டிய ஊருக்குள் மேளம் வேறு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பையோடு நேராக இடுகாட்டு மணலுக்குப் போய், மேடு மேல் குப்புற விழுந்து கிடந்தானாம். சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

காரியத்துக்கு முன்பே அக்கா வேலைக்கு வந்துவிட்டார். வந்ததும் மெயில்களைத் திறந்தார். நான் என் நாற்காலியில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு கணக்கிலிருந்து கிரேனை எடுத்துப் புது நம்பர் போட்டு அனுப்பும் சத்தம் கேட்டது. எழுந்து போய் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து வைத்தார். ஒரு விரல் குறைவாக.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் திருப்போரூர் தாண்டியதும் அவராகவே பேசினார்.

"பிளேன் போனப்புறமாப்பா வந்துச்சு மெயிலு?"

"மத்தியானம் வந்துச்சுக்கா. பிளேன் போனப்புறம்."

"எடுத்திருப்பானுங்கன்னு எனக்கும் தோணுச்சு" என்றார். "போன்ல உன் கொரலக் கேட்டப்பவே தோணுச்சு. பொய் சொல்ல மாட்டானுங்க, எடுத்திருப்பானுங்கன்னு."

"அப்பறம் ஏங்கா?"

"எந் தம்பிக்கோசரம் ஒரு வாட்டி எடுத்தேன்னா, அடுத்த வாட்டி உந் தம்பிக்கோசரம் எடுக்கணும். அப்பால அந்த முப்பத்தஞ்சு அடி அங்க இல்லாமலே பூடும்பா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கம்மா மூஞ்ச அவன் பாக்கல."

பஸ் மாமல்லபுரம் வரும்வரை அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. நான் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்காமல் அவரோடு சதுரங்கப்பட்டினம் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்தேன். அவர் செய்தது சரி என்று அன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. இப்போது அவர் வேலையை விட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். அவர் ஃபைல்கள் என்னிடம் இருக்கின்றன. இன்னும் சொல்ல முடியவில்லை.

காரியத்தன்று போயிருந்தேன். வீட்டு வாசலில் ஷாமியானா. மொட்டைத் தலையோடு தம்பி பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இலை போட்டார்கள். அக்கா சொம்போடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார். சோற்றில் கை வைக்காமல் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"நீயும் பிளேன் கம்பெனிதான சார்? ஒண்ணு கேக்கறேன். அந்தக் கவுண்டர்ல இருந்த பையன் சொன்னான். எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, எங்கியோ ஒருத்தன் ஏசில குந்திகினு இத்தினி பேருதான் ஏறணும்னு நம்பரு போடறான், நாங்க அதத்தான் கேக்கணும்னான். நெஜமா சார்?"

நான் இலையைப் பார்த்தேன். அக்கா எங்களுக்கு நேராக வந்துவிட்டிருந்தார்.

"அவனுக்கும் ஒரு அம்மா இருக்குமில்ல சார்? அது செத்துக் கெடக்கும்போது மூஞ்சி பாக்க வுடாம பண்ணாத்தான் தெரியும் அவனுக்கு."

அக்கா குனிந்து அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"தெரியும்டா அவனுக்கு" என்றார். "நீ சாப்புடு."

தண்ணீர் விளிம்புக்கு வந்தது. கை நிமிரவில்லை. டம்ளர் நிறைந்து, வழிந்து, இலைக்கடியில் ஓடி அவன் மடியை நனைத்தது.

"யக்கா, யக்கா, வழியுது பாரு" என்றான் தம்பி.